ஊரடங்கு எல்லாருக்கும் ஒன்றாகவா இருந்தது? (பாஸ் இருந்தவர், இல்லாதவர்)

பதிவு 1 – வட்டைக்காற்று (வவுணதீவு)

போன கிழமை மட்டக்களப்பு டவுனில் ஒரு வீட்டுக்கு மேல்மாடிச் சுவர் கட்டிக்கொண்டிருந்தோம். பத்து மணித் தேத்தண்ணி கொண்டுவந்த வீட்டுக்காரர் அப்படியே நின்று கதைக்கத் தொடங்கினார். நல்ல மனிதர், சம்பளத்தை நாள் தவறாமல் தருகிறவர். கதை எங்கெங்கோ போய்க் கொரோனாவில் வந்து நின்றது. "அது ஒரு நிம்மதியான காலம் என்ன? றோட்டில் ஒரு சத்தம் இல்லை. ஏழை பணக்காரன் எல்லாரும் ஒரே மாதிரி வீட்டுக்குள்ளே கிடந்தோம்" என்றார். என் கையாள் பெடியன் தாச்சியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

அன்று விழுங்கியதை இங்கே எழுதுகிறேன்.

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை, மாலை 6 மணிக்கு ஊரடங்கு போட்டார்கள். மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு வெள்ளிக்கிழமை, அவ்வளவுதான். எங்களுக்குச் சனிக்கிழமை சம்பளம். திங்கள் முதல் வெள்ளி வரை செய்த ஐந்து நாள் வேலையின் காசு கொந்தராத்துக்காரர் கையில். அவர் டவுனில், நான் வாவிக்கு இந்தப் பக்கம். திங்கள் காலை 6 மணிக்கு எடுத்து மத்தியானம் 2 மணிக்கு மறுபடி போட்டார்களே, அந்த எட்டு மணித்தியாலத்தில் சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போனேன். நாங்கள் அப்போது கட்டிக்கொண்டிருந்த வீட்டின் சொந்தக்காரர் அவருக்குக் காசு கொடுக்கவில்லை, வீட்டுக்காரர் கொழும்பில் மாட்டிக்கொண்டார். வெறுங்கையோடு திரும்பி வரும்போது கூட்டுறவுச் சங்கக் கடைக்கு முன்னால் நின்ற வரிசையைப் பார்த்தேன். வரிசையில் நிற்கவும் காசு வேண்டுமே.

அப்புறம் பாஸ், ஊரடங்கு நேரத்தில் வெளியே போக அனுமதிச் சீட்டு. வங்கிக்காரருக்குப் பாஸ் இருந்தது. கம்பனி லொறிக்கு, ஆஸ்பத்திரி ஆட்களுக்கு இருந்தது. நிறுவனத்தின் கடிதத் தலைப்பில் ஒரு கடிதம் வேண்டும், அதைக் காட்டி எடுக்கலாம். எனக்கு எந்த நிறுவனம்? என் கொந்தராத்துக்காரரின் நிறுவனம் என்பது ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு போனும். வலையிறவுப் பாலத்தடியில் மறித்த பொலிஸ்காரர் நாகரிகமாகத்தான் கேட்டார், "என்ன வேலை? யாரிட்ட வேலை? கடிதம் இருக்கா?" மூன்றாவது கேள்வியில் நான் கிறுகித் திரும்பிவிட்டேன். கொழும்புப் பக்கம் மேசனை "பாஸ்" என்று கூப்பிடுவார்கள். பெயரிலேயே பாஸ் இருந்தும் பாஸ் இல்லாதவன் நான்.

மற்றவர்களுக்கு எப்படி இருந்தது? வேறு தொழில் செய்தவர்கள் எழுதுங்கள். நோய் வந்த கதை வேண்டாம். வேலைக்குப் போன கதை, போக ஏலாமல் நின்ற கதை வேண்டும்.

பதிவு 2 – கோட்டைமுனை

தம்பி, உங்கள் கஷ்டத்தை மறுக்கவில்லை. ஆனால் தலைப்பிலேயே தீர்ப்பை எழுதிவிட்டீர்கள். நான் ஆசிரியன். ஆமாம், சம்பளம் முழுதாக வந்தது. அதற்காக நாங்கள் சும்மா இருந்தோம் என்று நினைக்க வேண்டாம். என் சொந்த டேட்டாவில், என் சொந்தப் போனில் வகுப்பெடுத்தேன். 2020 மே மாதச் சம்பளத்தை அரசுக்கு விட்டுக்கொடுக்கலாமா என்று ஜனாதிபதியின் செயலாளரே அரச ஊழியருக்குக் கடிதம் எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும்.

அந்த நேரத்தில் மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. ஊரடங்கு போடாமல் விட்டிருந்தால் முதலில் செத்திருப்பதும் ஏழைதான், அதையும் சேர்த்து யோசியுங்கள்.

பதிவு 3 – வட்டைக்காற்று

சேர், விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். நீங்கள் மாட்டேன் என்று சொல்லலாமே. எங்களை யாரும் கேட்கவில்லை.

ஊரடங்கு வேண்டாம் என்று நான் ஓரிடத்திலும் எழுதவில்லை. அதற்கு யார் காசு கட்டியது என்றுதான் கேட்கிறேன்.

பதிவு 4 – ஓய்வு விதானை

இந்த இழையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போகலாம் என்றுதான் நினைத்தேன். அந்த நாளில் விதானையாக (கிராம அலுவலராக) இருந்து ஏச்சு வாங்கியவர்களில் நானும் ஒருவன். இப்போது ஓய்வு, அதனால் எழுதுகிறேன்.

2020 ஏப்ரலிலும் மே மாதத்திலும் குடும்பத்துக்கு 5,000 ரூபா அரச நிவாரணம் கொடுத்தார்கள். வெளியே இருந்து பார்த்தால் விதானை தனக்கு வேண்டியவனுக்குக் கொடுத்தான் என்று தெரியும். அப்படிச் செய்தவர்கள் இல்லை என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் பெரிய அநியாயம் பட்டியலிலேயே இருந்தது. முதலில் சமுர்த்தி (அப்போதைய அரச வறுமை நிவாரணம்) எடுத்த குடும்பங்கள், சமுர்த்திக்குக் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்கள், முதியோர் கொடுப்பனவு, மாற்றுத்திறனாளி, சிறுநீரக நோயாளி என்று போனது. இதெல்லாம் ஏற்கெனவே கோப்பில் பெயர் உள்ளவர்கள். வருமானம் இழந்தவர்கள் என்ற பிரிவு அதற்குப் பின்னால் வந்தது, அதில்தான் அடிபிடி.

நம்முடைய தம்பி மேசன். மேசன் வேலை நன்றாகப் போன காலத்தில் மண்வீட்டைக் கல்வீடாக்கியிருப்பார். அந்த நாளில் கல்வீடு கட்டியவுடன் சமுர்த்தி வெட்டுப்பட்டுவிடும். அப்படியானவருக்கு மார்ச் 20-க்குப் பிறகு ஒரு சதம் வருமானம் கிடையாது, ஆனால் கோப்பின்படி அவர் வசதியானவர். என் பிரிவில் இப்படி எத்தனையோ பேர். ஓட்டோ லீசிங்கில் எடுத்தவர், சின்னப் பெட்டிக்கடை போட்டவர், பாசிக்குடா ஹோட்டலில் ரூம் போய். ஹோட்டல் பெடியன் சேட்டும் சப்பாத்தும் போட்டு வந்து வரிசையில் நின்றால் பின்னால் நிற்கிற சனம் சிரிக்கும். அவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது, ஒரு வீட்டுக்குள் இரண்டு குடும்பம். மகள் கலியாணம் முடித்துத் தாயோடு இருக்கிறாள், தனிக் குடும்பமாகப் பதியவில்லை. இரண்டு பேர் உள்ள வீட்டுக்கும் 5,000, எட்டுப் பேர் உள்ள வீட்டுக்கும் 5,000. யாரைச் சேர்ப்பது என்பதில் சுற்றறிக்கை மாறி மாறி வரும். கடைசியில் நாட்டின் பல இடங்களில் எங்கள் சங்கங்களே இந்த வேலை வேண்டாம் என்று ஒதுங்கின. நான் ஒதுங்கவில்லை. அதற்குக் கிடைத்த பரிசு என் வளவு மதிலில் இரவோடிரவாகக் கரியால் எழுதிய இரண்டு வரி. அதை இங்கே எழுத முடியாது, எழுத்துப்பிழையும் இருந்தது.

பதிவு 5 – சீதுவை போடிங்

விதானை ஐயா சொன்ன கோப்புக் கதையின் மற்றப் பாதி என்னிடம் இருக்கிறது.

என் ஊர் கிரான். 2017-இல் இருந்து கட்டுநாயக்க ஏற்றுமதி வலயத்தில் ஆடைத் தொழிற்சாலையில் ஜூக்கி (தையல்) மெசின். சீதுவையில் போடிங் (வாடகை) அறையில் நாங்கள் நான்கு பேர், வாசலில் ஒரு பொதுக் கிணறு, ஒன்பது அறைக்கு இரண்டு கக்கூஸ். "சமூக இடைவெளி" என்று டிவியில் சொல்லும்போது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்போம். பாயை விரித்தால் இடைவெளி எங்கே?

ஊரடங்கு போட்டவுடன் வேலை நின்றது. சாமான் முடிந்தபோது அந்தப் பகுதி விதானையிடம் போனோம். "உங்கட பெயர் எங்கட வாக்காளர் பட்டியலில இல்ல, உங்கட ஊரில கேளுங்க." அம்மா ஊர் விதானையிடம் போனா. "ஆள் ஊரில இல்லையே அம்மா, இருக்கிற இடத்தில வாங்கட்டும்." இரண்டு பேரும் சட்டப்படிதான் பேசினார்கள். இரண்டு சட்டத்துக்கும் நடுவில் நாங்கள் சோறும் தேங்காய்ச் சம்பலும் தின்றோம். போடிங் அக்கா சிங்களம், முதல் மாத வாடகையை விட்டுக்கொடுத்தா. இரண்டாம் மாதம் கேட்டா. அவவுக்கும் அந்த ஒன்பது அறைதான் பிழைப்பு.

மே, ஜூன் மாதங்களுக்கு ஒரு ஒப்பந்தம் வந்தது. வேலைக்குக் கூப்பிடாத ஆளுக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, எது கூடவோ அது. நல்ல ஏற்பாடு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் வருமானம் அடிப்படைச் சம்பளத்தில் இல்லை, ஓவர்டைமிலும் வருகைக் கொடுப்பனவிலும் டாகெட் (இலக்கை முடித்தால் கிடைக்கிற) காசிலும் இருக்கிறது. என்னோடு அறையில் இருந்த ஒருத்தி மேன்பவர், அதாவது ஆள் பிடித்துக் கொடுக்கிறவர் மூலமாக நாட்சம்பளத்துக்கு வருகிறவள். அவள் எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. ஒரே மெசின், ஒரே லைன், ஒரே கொலர் தைத்தவள்.

ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணி (ஒரே இடத்திலிருந்து பரவிய தொற்று) வந்தது. அதற்குப் பிறகு எங்கள் எல்லாருக்கும் ஒரே பெயர்தான், கார்மண்ட் பெட்டை. ஊருக்கு வந்தபோது வீட்டு வாசலில் தனிமைப்படுத்தல் ஒட்டி ஒட்டினார்கள். பதினான்கு நாளில் அது கழன்றது, ஊர் வாயிலிருந்து கழர இன்னும் கன நாள் சென்றது. தம்பிக்குப் பேசிய கலியாணமே தள்ளிப்போனது.

இனித்தான் வேடிக்கை. 2021 மே மாதம் 21 இரவு தொடங்கி ஜூன் 21 வரை பயணத்தடை. அடுத்தது ஒகஸ்ட் 20-இல் இருந்து ஒக்டோபர் 1 வரை. வீட்டை விட்டு வெளியே வராதே என்று நாட்டுக்கே சொன்னார்கள். ஆடைத் தொழிற்சாலை மட்டும் ஓடியது, ஏற்றுமதி, டொலர், அத்தியாவசியம். பஸ்ஸில் நெருக்கி ஏற்றிக்கொண்டு போனார்கள். முதல் வருடம் எங்களை அடைத்துப் பட்டினி போட்டார்கள், இரண்டாம் வருடம் மற்றவர்களை அடைத்துவிட்டு எங்களைத் திறந்து விட்டார்கள். கோட்டைமுனை சேர், இதில் எது நோயைத் தடுக்க?

பதிவு 6 – கோட்டைமுனை

தங்கச்சி, 2021 பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த நேரத்தில் நான் அதை யோசித்ததே இல்லை என்பதுதான் உண்மை. வீதியில் பஸ் போகும், யார் அதில் போகிறார்கள் என்று பார்க்கவில்லை.

பதிவு 7 – தறிக்குழி (மருதமுனை)

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும்.

கைத்தறி ஆட்களுக்கு வருடத்தில் இரண்டு மூன்று கிழமைதான் உண்மையான வருடம். நோன்புப் பெருநாளுக்கு முந்திய நாட்கள். சாரமும் சாரியும் அப்போதுதான் போகும், வெளியூரில் இருந்து சனம் வேன் பிடித்து மருதமுனைக்கு வந்து எடுக்கும். 2020-இல் பெருநாள் மே 24-இல் வந்தது. அன்றும் மறுநாளும் நாடு முழுக்க ஊரடங்கு. சரி, அடுத்த வருடம் பார்ப்போம் என்றோம். 2021-இல் பெருநாள் மே 14. மே 13 இரவு 11 மணிக்குப் பயணத்தடை போட்டார்கள், அதற்கு முன்னரே மாகாணம் விட்டு மாகாணம் வர ஏலாது. இரண்டு பெருநாளும் கையை விட்டுப் போனது.

இதில் முதலாளிக்கு ஒரு கணக்கு, நெய்கிறவனுக்கு ஒரு கணக்கு. முதலாளி கடையில் அடுக்கி வைத்த சாரம் அடுத்த வருடமும் சாரம்தான், பூச்சி அரிக்காமல் பார்த்தால் போதும். நெய்கிறவனுக்கு உருப்படிக்குக் கூலி. தறி நின்றால் கூலி நின்றது. நூலும் சாயமும் விலை ஏற, சின்ன ஆட்கள் தறியைக் கழற்றி விறகோடு வைத்தார்கள். எங்கள் வாப்பாவின் இரண்டு குழித்தறியில் ஒன்று அப்படித்தான் போனது. மற்றதில் நான் இப்போதும் இருக்கிறேன். தறிக்குழி என்று பெயர் வைத்ததும் அதனால்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் எங்கள் பக்கக் கதை விளங்காது. 2020 நவம்பர் கடைசியில் அக்கரைப்பற்றை மூடினார்கள், பிறகு கல்முனைப் பக்கம், காத்தான்குடி. எங்கள் சனம் பிசிஆர் எடுக்கப் பயந்து ஒளிந்தது என்று அப்போது எல்லாரும் ஏசினார்கள். ஏன் பயந்தார்கள்? கொரோனாவில் இறந்தால் யாரானாலும் எரிக்க வேண்டும் என்று உத்தரவு, எங்கள் மார்க்கத்தில் அடக்கம்தான். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அந்த உத்தரவை மாற்றினார்கள், மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அது ஒரு பயம். அதன் மேல் நாட்கூலிக்காரனுக்கு இன்னொரு பயம். பரிசோதனையில் வந்துவிட்டால் அவனுக்கு மட்டுமல்ல, அவனோடு வேலை செய்த பத்துப் பேருக்கும் பதினான்கு நாள் போச்சு. மாதச் சம்பளக்காரனுக்குப் பொசிட்டிவ் என்றால் லீவு. இவனுக்குப் பொசிட்டிவ் என்றால் பத்து வீட்டின் சாபம்.

பதிவு 8 – மட்டுறுத்துநர்

மேலே வந்த ஒரு பதிவை எடுத்துவிட்டேன். எந்த ஊர், எந்தச் சமயம் நோயைக் கொண்டுவந்தது என்ற கதைக்கு இங்கே இடமில்லை. தொடருங்கள்.

பதிவு 9 – போடியார் பேரன் (சம்மாந்துறை)

எதிர்ப்பக்கக் கதையையும் யாராவது எழுத வேண்டும், நானே எழுதுகிறேன். எங்களுக்கு 40 ஏக்கர் வயல். தாத்தா காலத்தில் இதைவிடக் கூட.

எங்கள் வீட்டுக்கு நட்டம் இல்லை. வேளாண்மைக்குத் தடை இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். கமநல சேவை நிலையத்தில் பதிவு இருந்தது, பாஸ் எடுக்க அதுவே போதும். வெட்டு மெசின் வந்தது, உழவு மெசின் வந்தது, நெல் லொறி போனது. சனம் அரிசியை வாங்கி அடுக்கிய காலம் என்பதால், நெல்லைக் கட்டி வைத்திருந்தவன் நல்ல விலைக்கு விற்றான். களஞ்சியம் உள்ளவன் என்று சொல்கிறேன். களத்திலேயே விற்றுக் கடனை அடைக்கிற சின்ன வெள்ளாமைக்காரன் அதில் சேர மாட்டான்.

இங்கே யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தச் சிறுபோகத்துக்கு எங்கள் வட்டையில் (வயல்வெளியில்) கூலி குறைந்தது. வழமையாக ஆள் பிடிப்பதே பெரும் பாடு, பெடியன்கள் எல்லாம் கொழும்புக்கும் கட்டாருக்கும் போய்விடுவார்கள், வரப்பு வெட்ட ஆள் கிடைக்காது. 2020-இல் கொழும்பில் ஹோட்டலில் நின்றவன், கண்டியில் கடையில் நின்றவன், மேசன், பெயின்டர் எல்லாரும் ஊரில். றோட்டை அடைத்தால் ஆள் ஊருக்குள்ளே தேங்கும்தானே. வாய்க்கால் மறித்த தண்ணி மாதிரி. வயலையும் வேலையாட்களையும் பார்க்கிற முல்லைக்காரர் வந்து "போடியார், பத்துப் பேர் கேட்டா இருபது பேர் நிக்கிறான்" என்றார். வாப்பா முந்திய போகத்தை விடக் குறைத்துத்தான் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை.

இதில் அடிபட்டவர்கள் யார் என்றால் வழமையாக எங்களிடம் வருகிற பெண்கள். களை பிடுங்க, கதிர் பொறுக்க வருகிறவர்கள். பெடியன்கள் வந்து நின்றதும் அவர்களை யாரும் கூப்பிடவில்லை.

பதிவு 10 – வட்டைக்காற்று

போடியார் பேரன், உண்மையை எழுதியதற்கு நன்றி. அந்தப் போகம் நானும் கூலிக்கு வயலில் இறங்கினேன், உங்கள் வட்டையில் இல்லை, எங்கள் படுவான்கரையில். மேசன் கையால் வரப்பு கட்டினால் நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்று எல்லாரும் சிரித்தார்கள். நான் யாருடைய இடத்தில் நின்றேன் என்று இன்றைக்குத்தான் யோசிக்கிறேன்.

பதிவு 11 – அறுக்குளா (வாழைச்சேனை)

கடலைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

மீன்பிடிக்கும் தடை இல்லை என்றுதான் சொன்னார்கள். போகலாம். பிடிக்கலாம். பிடித்ததை என்ன செய்வது? ஐஸ் இல்லை, லொறி இல்லை. ஆழ்கடல் போட் உள்ள முதலாளிமாருக்கு லொறிக்குப் பாஸ் கிடைத்தது. வள்ளத்தில் போகிற நாங்கள் காலையில் கொண்டுவந்த மீனை ஊருக்குள்ளே விற்க வேண்டும், ஊரில் யாரிடம் காசு? கருவாடு போட்டோம். அந்த வருடம் எங்கள் தெருவே கருவாட்டு மணம். கரைவலைக்காரர் பாடு இன்னும் மோசம், வலை இழுக்கக் கனபேர் வேண்டும், கும்பல் கூடாதே என்று விரட்டினார்கள். கூட்டமாய் நின்றால்தான் வலை வரும் என்று யாருக்கு விளங்கப்படுத்துவது?

ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் கொத்தணி. அங்கே போய் வந்தவர்களால் எங்கள் பக்கமும் வந்தது, வாழைச்சேனைப் பொலிஸ் பிரிவுக்கே ஊரடங்கு போட்டார்கள். அதோடு நாடு முழுக்க மீன் தின்னப் பயந்தது. மீன்பிடிக்கு முன்பு அமைச்சராக இருந்த திலீப் வெதஆரச்சி ஊடகக்காரருக்கு முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டினாரே, நவம்பரில். எங்கள் மம்மது காக்கா அதைப் பார்த்துவிட்டு, "அவர் கடிச்சிட்டார், கிலோவுக்கு எவ்வளவு குடுத்தார் எண்டு கேளு" என்றார்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை, அதைச் சொல்ல வேண்டும். மீன் இருந்தது. காசு இல்லை. பிள்ளைக்குப் பால்மா மீனால் வாங்க ஏலாது.

பதிவு 12 – இடியப்பத் தட்டு (செங்கலடி)

ஆம்பிளைகள் எல்லாம் எழுதிவிட்டீர்கள், ஒரு தங்கச்சியைத் தவிர. கிழமைக் கடனைப் பற்றி யாருமே எழுதவில்லை, அதுதான் ஆச்சரியம். அது பெண்கள் தலையில் விழுந்த கதை என்பதாலோ தெரியவில்லை.

நான் காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுகிறவள். இரண்டு மைக்ரோ கடன், ஒன்று தட்டும் பானையும் வாங்க, மற்றது முதல் கடனைக் கட்ட. தெரிந்த கதைதான். ஊரடங்கு வந்தது, கடை பூட்டு, இடியப்பம் யாருக்கு? தவணையைத் தள்ளிப்போட மத்திய வங்கி சலுகை அறிவித்தது என்று செய்தியில் சொன்னார்கள். எங்கள் கம்பனி ஆள் வீட்டுக்கு வரவில்லை, உண்மை. போன் எடுத்தார். "அக்கா, தள்ளிப்போட்டா வட்டி ஏறும், பிறகு கஷ்டப்படுவீங்க, ஏலுமானதைக் கட்டுங்க." மிரட்டவில்லை, அக்கறையாகப் பேசுகிற மாதிரியே பேசினார். குழுவில் ஐந்து பேர், ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நான்கு பேர் அவள் வாசலில். நோய்க்குப் பயந்து ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாத நாளில், இந்தக் கணக்குக்கு மட்டும் போனோம். காதில் கிடந்ததை அடகு வைத்தேன். அது இன்னும் மீளவில்லை.

என் தங்கை அப்போது குவைத்தில் ஒரு வீட்டில். 2020 மார்ச் 19-இல் விமான நிலையத்தை வருகிறவர்களுக்கு மூடினார்கள், வழமைக்குத் திறந்தது 2021 ஜனவரி 21-இல். இடையில் சிறப்பு விமானம் வந்தது, அதற்குப் பெயர் பதிய வேண்டும், டிக்கெட் காசு வேண்டும். அவள் வேலை செய்த வீட்டின் முதலாளி ஐந்து மாதம் சம்பளம் கொடுக்கவில்லை. வெளியே போக ஏலாத நாட்டில், வெளியே போக ஏலாத வீட்டுக்குள் இருந்தவள் அவள். அவளுக்கு ஊரடங்கு 2020-இல் தொடங்கவில்லை.

சேர் ஒன்லைன் வகுப்பைப் பற்றிச் சொன்னார். என் வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளை. மூத்தவனுக்கு ஓ.எல். பரீட்சை. அவனுக்குப் போனைக் கொடுத்தேன். மகளுக்கு வகுப்பு இல்லாமல் போனது. அவள்தான் கெட்டிக்காரி.

பதிவு 13 – கோட்டைமுனை

இரண்டு நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். என் வகுப்பில் 36 பிள்ளைகள், சூமில் வந்தது 11 பேர். நான் அந்த 11 பேருக்குப் பாடம் முடித்துவிட்டுப் பாடத்திட்டம் முடிந்தது என்று அறிக்கை எழுதினேன். மற்ற 25 பேர் எங்கே என்று அறிக்கையில் கேள்வி இல்லை.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன், குறையாக எடுக்க வேண்டாம். மறுபடி இப்படி ஒன்று வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறீர்கள்? இந்த நாட்டில் உழைக்கிறவரில் பாதிக்கு மேல் முறைசாராத் தொழில். வேலை இழந்தவருக்குக் காப்புறுதி என்று ஒன்று இங்கே இல்லை. அப்படியானால் நாட்கூலிக்காரர் எல்லாரையும் முன்கூட்டியே பதிந்து வைத்தால் என்ன? மேசன், வள்ளக்காரர், நெசவாளர், வீட்டு வேலைக்காரர், எல்லாரும். பதிவு இருந்தால் பாஸும் கொடுக்கலாம், காசும் கொடுக்கலாம்.

பதிவு 14 – ஓய்வு விதானை

சேர், முப்பது வருடம் பதிவு செய்தவன் சொல்கிறேன். பதிவு நல்லது. ஆனால் யார் பதிவார்கள்? வாகரைக்கு அப்பால் காட்டோரம் இருக்கிறவன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பிரதேச செயலகத்துக்கு வருவானா? வந்தால் ஒரு படிவம், இரண்டு போட்டோ, தொழில் வழங்குபவரின் கடிதம். மறுபடி அதே கடிதம்! கடைசியில் பதிந்தவன் ஒரு சாதி, பதியாதவன் ஒரு சாதி என்று ஆகும். 2021 ஒகஸ்ட் ஊரடங்குக்கு 2,000 ரூபா கொடுத்தார்களே, வேறு எந்த உதவியும் கிடைக்காதவர்களுக்கு என்று. அதற்கும் பட்டியல் கேட்டார்கள். பட்டியல் போட்டு முடிக்க ஊரடங்கு முடியப் பார்த்தது.

என்னைக் கேட்டால், முதல் இரண்டு கிழமை யாரையும் எதையும் கேட்காமல் எல்லா வீட்டுக்கும் அரிசி பருப்பு கொடுத்திருக்க வேண்டும். வசதியானவன் எடுத்தால் எடுக்கட்டும். பிறகு ஆறுதலாகப் பிரித்துப் பார்க்கலாம். இதை அப்போது ஒரு கூட்டத்தில் சொன்னேன். கணக்காய்வு வந்தால் நீங்களா பதில் சொல்வீர்கள் என்று கேட்டார்கள்.

பதிவு 15 – சீதுவை போடிங்

எனக்குப் பதிவு இருந்ததே ஐயா. ஈபிஎஃப் இலக்கம் இருந்தது, கம்பனி அட்டை இருந்தது. பதிவு கட்டுநாயக்கவில், நான் பட்டினி சீதுவையில், வாக்கு கிரானில். சேரின் யோசனையில் பிழை இல்லை, ஆனால் பதிவு ஆளோடு நடக்க வேண்டும், வீட்டு இலக்கத்தோடு இல்லை.

பதிவு 16 – போடியார் பேரன்

2022-ஐயும் சேருங்கள். பெற்றோல் வரிசை, கியூஆர் அட்டை. வாகனம் உள்ளவனுக்குத்தான் கோட்டா. வாகனம் இல்லாதவன் பஸ்ஸுக்கு நின்றான், பஸ் டீசல் வரிசையில் நின்றது. அதற்கு முன்னால் 2021-இல் இரசாயன உரத்தை நிறுத்தி எங்களையும் இழுத்து விழுத்தினார்கள், அதை வேறு இழையில் பேசலாம். மூன்று வருடம் ஒன்றன் மேல் ஒன்று.

பதிவு 17 – அறுக்குளா

வேறு இழை வேண்டாம் தம்பி, உரம் என்றால் நீங்கள் விடிய விடியக் கதைப்பீர்கள்.

பதிவு 18 – வட்டைக்காற்று

அந்த ஐந்து நாள் சம்பளம் என்ன ஆனது என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். ஆகஸ்டில் கிடைத்தது, மூன்று நாளுக்குரியது. மிச்சம் இரண்டு நாளைக் கொந்தராத்துக்காரர் "பார்ப்பம்" என்றார். அவரும் பிறகு தொழிலை விட்டுவிட்டு டுபாய் போய்விட்டார். அங்கே அவரும் இப்போது ஒருவரிடம் கூலிக்கு.

இந்தக் கிழமை அந்த வீட்டுக்காரர் மறுபடி தேத்தண்ணி கொண்டுவந்தார். இந்த இழையைப் போனில் எடுத்து அவரிடம் கொடுக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. கொடுக்கவில்லை. இன்னும் பத்து நாள் வேலை இருக்கிறது, முடியட்டும்.

பதிவு 19 – அறுக்குளா

தறிக்குழி தம்பி, அந்த மிஞ்சின தறியில் சாரம் நெய்கிறீர்களா, சாரியா? சாரம் என்றால் நீலக் கட்டம் போட்டது இரண்டு வேண்டும், ஒன்று மம்மது காக்காவுக்கு. கல்முனையில் இருந்து வருகிற பஸ்ஸில் கொடுத்துவிட ஏலுமா? காசுக்குப் பதிலாகக் கருவாடு என்று சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம்.

பதிவு 20 – தறிக்குழி

சாரம்தான் காக்கா. பாவு ஏற்றி இருக்கிறேன், நீலம் இந்தக் கிழமை முடியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பஸ்ஸில் போடுகிறேன். கருவாடும் கொஞ்சம் அனுப்புங்கள், உம்மா கேட்பா.